இங்கிலீசு வினைச்சொற்கள்: வகை தெரிந்தால் கடிதம் விளங்கும்

(பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்க)

சப்ரகமுவ தோட்டங்களில் வாழும் நமக்கு மூன்று பாஷைகளோடு பழக்கம் உண்டு. லயத்திலும் மலையிலும் தமிழ். எஹலியகொட டவுனில், பஸ்ஸில், கடையில் சிங்களம். இங்கிலீசு எங்கே வருகிறது? மருந்துப் போத்தலில் வருகிறது. பேங்க் போமில் வருகிறது. கம்பனிக் கடிதத்தில், வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தில், பிள்ளையின் பாடப் புத்தகத்தில் வருகிறது. நம்மோடு பேசிச் சிரிக்க வருகிற பாஷையாக அது வருவது குறைவு. பெரும்பாலும் கையெழுத்துக் கேட்கத்தான் வருகிறது.

1987ஆம் ஆண்டு கொண்டு வரப்பட்ட 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஓர் அரச கரும மொழியாக்கியது. அதே திருத்தம் இங்கிலீசை இணைப்பு மொழி என்று குறிப்பிட்டது. தமிழரும் சிங்களவரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்ள ஒரு பாலம் என்பது அதன் கருத்து. பாலத்தில் நடக்கத் தெரியாவிட்டால் பாலம் இருந்தும் பயனில்லை அல்லவா?

நம்ம புள்ளைங்க இங்கிலீசுப் பெயர்ச்சொற்களைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஸ்கூல், லோன், அப்ளிகேஷன், செலரி, லீவு எல்லாம் பெரியவர்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு கடிதத்தில் “லோன்” என்ற சொல்லை மட்டும் கண்டுவிட்டு, “ஆ, லோன் கிடைச்சிருச்சு” என்று சொல்லிவிட முடியாது. கிடைத்துவிட்டதா, கிடைக்கப் போகிறதா, கிடைக்கக்கூடுமா, கிடைக்காதா? இந்த நாலையும் பிரித்துக் காட்டுவது வினைச்சொல். அதனால் இங்கிலீசு வினையின் வகைகளை இந்தக் கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த வினைகள்

இங்கிலீசு வினை ஒன்றும் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். “சைன் பண்ணு”, “செக் பண்ணு”, “போன் பண்ணு”, “வெயிட் பண்ணு”, “டிரை பண்ணு” என்று தினமும் பேசுகிறோம். இதில் சைன், செக், போன், வெயிட், டிரை ஐந்தும் இங்கிலீசு வினைகள். தமிழுக்குள் வரும்போது அவற்றுக்குப் பின்னால் “பண்ணு” என்று ஒரு தமிழ் வினையை ஒட்டிவிடுகிறோம். காலமும் ஆளும் அந்தப் “பண்ணு”வில்தான் மாறும்: பண்ணினேன், பண்ணுவான், பண்ணுறாங்க.

இங்கிலீசில் பேசும்போது அந்தப் “பண்ணு” இல்லை. “ஐ சைன்ட்” என்றால் நான் கையெழுத்துப் போட்டேன். சைன் என்ற சொல்லே “சைன்ட்” என்று மாறி, நடந்து முடிந்ததைக் காட்டிவிடுகிறது. ஆகவே ஒட்டியிருக்கும் “பண்ணு”வை எடுத்துவிட்டு, அந்தச் சொல்லையே மாற்றப் பழகுவதுதான் முதல் பாடம்.

மூன்று பாஷையில் ஒரே வினை

தமிழ் வினையின் வாலைப் பார்த்தாலே ஆள் தெரியும். போகிறேன் என்றால் நான். போகிறாள் என்றால் அவள். போகிறார்கள் என்றால் அவர்கள். “நான்”, “அவள்” என்று சொல்லாமலே விளங்கும்.

நாம் தினமும் கேட்கும் பேச்சுச் சிங்களத்தைப் பாருங்கள். மம யனவா, ஒயா யனவா, எயா யனவா, அபி யனவா. நான், நீ, அவர், நாங்கள் என்று ஆள் மாறினாலும் “யனவா” மாறவில்லை. அதனால் ஆளைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கிலீசு இந்த விசயத்தில் சிங்களத்துக்குக் கிட்ட. ஐ கோ, யூ கோ, வீ கோ, தே கோ. எல்லாம் “கோ”தான். ஆனால் அவன், அவள், அது என்ற ஒற்றை ஆளுக்கு மட்டும் நிகழ்காலத்தில் ஒரு “ஸ்” அல்லது “ஸ்” போன்ற ஓசை சேரும்: ஹி கோஸ், ஷி கோஸ், இட் கோஸ். இந்த ஒரு “ஸ்” விட்டுப்போவதால் பரீட்சையில் புள்ளி குறைகிற பிள்ளைகள் நிறைய. “மை மதர் பிளக் டீ” என்று எழுதக் கூடாது. “மை மதர் பிளக்ஸ் டீ” என்று எழுத வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தமிழில் ஆளை விட்டுவிட்டு “போனேன்” என்று மட்டும் சொல்லலாம். இங்கிலீசில் “வென்ட்” என்று மட்டும் எழுதினால் போனது யார் என்று தெரியாது. “ஐ வென்ட்” என்று ஆளை முன்னால் வைக்க வேண்டும்.

1. செயல் வினைகள்

கையும் காலும் வாயும் செய்கிற வேலையைச் சொல்பவை இவை. பிளக் (கொழுந்து எடு), கேரி (சும), வே (நிறு), வோக் (நட), ஸ்லீப் (தூங்கு), குக் (சமை).

இவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். “எதை?” என்று கேட்டால் பதில் வருகிற வினை ஒரு வகை. பிளக் என்றால் எதை? கொழுந்தை. கேரி என்றால் எதை? கூடையை. “எதை?” என்ற கேள்வியே பொருந்தாத வினை மற்ற வகை. தூங்கு என்றால் எதைத் தூங்குவது? தமிழ் இலக்கணத்தில் முதல் வகையைச் செயப்படுபொருள் குன்றாவினை என்றும், இரண்டாவது வகையைச் செயப்படுபொருள் குன்றிய வினை என்றும் பிள்ளைகள் படித்திருப்பார்கள். அதேதான் இங்கும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தமிழில் “கோப்பை உடைந்தது” என்றால் தானாக நடந்தது. “கோப்பையை உடைத்தான்” என்றால் ஒருவன் செய்தது. உடைந்தது, உடைத்தான் என்று வினையே வேறாகிவிடும். இங்கிலீசில் இரண்டுக்கும் ஒரே சொல்: “த கப் புரோக்”, “ஹி புரோக் த கப்”. பொயில் (கொதி, கொதிக்க வை), பேர்ன் (எரி, எரி என்பதன் பிறவினையான எரியச் செய்), ஓப்பன் (திற, திறந்துகொள்) எல்லாம் இப்படித்தான். யார் செய்தது என்று அறிய, வினைக்கு முன்னால் நிற்பது யார், பின்னால் ஏதாவது பொருள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2. “இருக்கிற” வினை: தமிழில் ஒளிந்துகொள்வது

“அவர் ஆசிரியர்.” இது முழுத் தமிழ் வசனம். வினையே இல்லை, ஆனாலும் குறையில்லை. இதை அப்படியே இங்கிலீசாக்கி “ஹி டீச்சர்” என்றால் பிழை. “ஹி இஸ் எ டீச்சர்” என்று நடுவில் “இஸ்” வர வேண்டும். ஆளையும் அவரைப் பற்றிய செய்தியையும் இணைக்கும் கண்ணி அது. ஆகவே இதை இணைப்பு வினை என்கிறோம்.

ஆளுக்கு ஆள் இது மாறும்:

நிகழ்காலம்: ஐ ஆம். ஹி, ஷி, இட் என்றால் இஸ். வீ, யூ, தே என்றால் ஆர்.

இறந்தகாலம்: ஐ, ஹி, ஷி, இட் என்றால் வொஸ். வீ, யூ, தே என்றால் வேர்.

இதன் மூலச் சொல் “பீ”. பீ, ஆம், இஸ், ஆர், வொஸ், வேர், பீயிங், பீன் என்று மொத்தம் 8 வடிவம். வேறெந்த இங்கிலீசு வினைக்கும் இத்தனை வடிவம் இல்லை. இந்த எட்டையும் மனப்பாடம் செய்த பிள்ளைக்குப் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. பின்னால் கடித வசனங்களைப் பார்க்கும்போது இவை திரும்பவும் வரும்.

3. நிலை வினைகள்

அறிதல், விரும்புதல், நம்புதல், உடைமை ஆகியவை கையால் செய்கிற வேலை அல்ல. மனதில் அல்லது வாழ்க்கையில் இருக்கிற நிலை. நோ (தெரியும்), லைக் (பிடிக்கும்), வோன்ட் (வேண்டும்), பிலீவ் (நம்பு), பிலோங் (சொந்தமாயிரு).

இவற்றோடு பொதுவாக “இங்” ஓசையைச் சேர்ப்பதில்லை. “ஐ ஆம் நோயிங்” என்று சொல்லக் கூடாது; “ஐ நோ” போதும். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்காங்க என்பதை “ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்” என்று பலர் சொல்வார்கள். “ஐ ஹேவ் டூ சில்ட்ரன்” என்பதே சரி.

4. துணை வினைகள்: பீ, ஹேவ், டூ

தனியே நிற்காமல் முதன்மை வினைக்குக் கைகொடுப்பவை இவை. மூன்றுக்கும் மூன்று வேலை.

பீ: இப்போது நடந்துகொண்டிருப்பதைக் காட்டும். “ஷி பிளக்ஸ் டீ” என்றால் கொழுந்து எடுப்பது அவருடைய வழக்கம், தொழில். “ஷி இஸ் பிளக்கிங் டீ” என்றால் இந்த நேரம் மலையில் எடுத்துக்கிட்டு இருக்காங்க.

ஹேவ்: ஒரு காரியம் முடிந்து, அதன் பலன் இப்போதும் இருப்பதைக் காட்டும். “ஐ ஹேவ் சைன்ட்” என்றால் கையெழுத்துப் போட்டாச்சு. நமது பேச்சில் வரும் “ஆச்சு” கிட்டத்தட்ட இந்த வேலையைத்தான் செய்கிறது.

டூ: கேள்வி கேட்கவும் மறுக்கவும் வரும். “டு யூ லிவ் ஹியர்?” என்றால் இங்கயா இருக்கீங்க? “ஐ டோன்ட் நோ” என்றால் தெரியாது. கடந்த காலத்துக்கு “டிட்”. இங்கே பிள்ளைகள் அடிக்கடி தடுக்கி விழுவார்கள். “டிட் யூ வென்ட்?” என்று எழுதுவார்கள். கடந்த காலத்தை “டிட்” சுமந்துவிட்டது. ஒரே கூடையை இரண்டு பேர் சுமக்கத் தேவையில்லை. ஆகவே “டிட் யூ கோ?” என்பதே சரி.

5. மனநிலை காட்டும் துணை வினைகள்

கட்டுரையில் பெரியவர்கள் முக்கியமாக வாசிக்க வேண்டிய பகுதி இது. முடியும், லாம், வேண்டும், கூடாது என்று தமிழில் வினையின் பின்னால் ஒட்டுகிறோம்: போக முடியும், போகலாம், போக வேண்டும், போகக் கூடாது. இங்கிலீசில் இவை வினைக்கு முன்னால் நிற்கும். முக்கியமானவை ஒன்பது.

கேன்: முடியும், இயலும்.
குட்: முன்பு முடிந்தது, மரியாதையாகக் கேட்கவும் உதவும்.
மே: செய்யலாம் என்ற அனுமதி, அல்லது ஒருவேளை நடக்கலாம்.
மைட்: ஒருவேளை நடக்கலாம், நிச்சயம் இன்னும் குறைவு.
வில்: நடக்கும், செய்வோம்.
வுட்: “செய்வீர்களா” என்று பணிவாகக் கேட்க, “அப்படி என்றால் செய்திருப்பேன்” போன்ற இடத்திலும் வரும்.
ஷுட்: செய்வது நல்லது, செய்ய வேண்டியது.
மஸ்ட்: கட்டாயம் செய்ய வேண்டும்.
ஷல்: பேச்சில் குறைவு. சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் வந்தால் கட்டாயம் என்று பொருள்.

இவற்றுக்குப் பின்னால் வரும் வினை எப்போதும் மூல வடிவில் இருக்கும். “ஷி கேன் கோஸ்” என்று வராது. “ஷி கேன் கோ”. “யூ மஸ்ட் டு பே” என்று வராது. “யூ மஸ்ட் பே”.

இப்போது ஒரு முக்கியமான ஜோடி. “யூ மஸ்ட் பே” என்றால் கட்ட வேண்டும். இதை மறுத்தால் என்ன வரும்? இரண்டு வழி உண்டு, பொருள் வெவ்வேறு.

“யூ மஸ்ட் நொட் பே”: கட்டக் கூடாது. இது தடை.
“யூ நீட் நொட் பே” அல்லது “யூ டோன்ட் ஹேவ் டு பே”: கட்டத் தேவையில்லை. விரும்பினால் கட்டலாம், கட்டாயமில்லை.

கூடாது என்பதற்கும் தேவையில்லை என்பதற்கும் நம்ம பாஷையில் எவ்வளவு தூரம்! மருந்துத் தாளில் “மஸ்ட் நொட்” என்று இருந்தால் அது தடை. அதைத் “தேவையில்லை” என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து.

ஒப்பந்தக் கடிதத்தில் பார்ப்போம். “ஓவர்டைம் வில் பி பெய்ட்” என்றால் மேலதிக நேர வேலைக்குச் சம்பளம் தரப்படும். “ஓவர்டைம் மே பி பெய்ட்” என்றால் தரப்படலாம், தராமலும் போகலாம். ஒரு சிறு சொல்தான் மாறியது, மாதச் சம்பளமே மாறிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. ஒப்பந்தத்தில் “ஷல்” என்ற சொல்லைக் கண்டால், அதற்கு முன்னால் நிற்பது “எம்ப்ளோயர்” என்பவரா, “எம்ப்ளோயீ” என்பவரா என்று பாருங்கள். முன்னவர் வேலை கொடுப்பவர். பின்னவர் வேலை செய்பவர், அதாவது நாம். காதில் ஏறக்குறைய ஒன்றுபோல் விழும் இந்த இரு சொற்களும்தான் கடமை யாருடையது என்று தீர்மானிக்கும். “எம்ப்ளோயர் ஷல் புரொவைட் ஃபூட்” என்றால் சாப்பாடு கொடுப்பது அவர் கடமை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் விளங்காத ஒப்பந்தத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் முதலில் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள்.

6. ஒழுங்கான வினை, ஒழுங்கற்ற வினை

நடந்து முடிந்ததைச் சொல்ல, பெரும்பாலான இங்கிலீசு வினைகளின் கடைசியில் “ஈ, டி” என்ற இரு எழுத்து சேரும். பிளக் பிளக்ட் ஆகும். குக் குக்ட் ஆகும். வோஷ் வோஷ்ட் ஆகும். சொல்லின் முடிவில் ஏற்கெனவே “ட்” ஓசை இருந்தால் ஒரு அசை கூடும்: வோன்ட் வோன்டிட் ஆகும், ஸ்டார்ட் ஸ்டார்டிட் ஆகும். இவை ஒழுங்கான வினைகள்.

ஏறத்தாழ 200 வினைகள் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாதவை. எண்ணிக்கை குறைவாகத் தோன்றினாலும், வா, போ, சாப்பிடு, கொடு, எடு, பார் போன்று தினமும் வேண்டிய வினைகள் அதில்தான் இருக்கின்றன. இதைக் கண்டு பயப்பட வேண்டாம். சிங்களத்தில் யனவா என்பது கடந்த காலத்தில் கியா ஆகிவிடுகிறது. தமிழில் சா என்பது செத்தான் ஆகிறது. இவற்றைச் சின்னப்பிள்ளையிலிருந்தே சிரமமில்லாமல் பேசுகிறோம். இங்கிலீசில் கோ வென்ட் ஆவதும் அப்படித்தான்.

மூன்று வடிவங்களையும் கூட்டம் கூட்டமாகப் பாடமாக்கினால் இலேசு.

மூன்றும் ஒன்றே: கட், கட், கட் (வெட்டு). புட், புட், புட் (வை).
பின்னிரண்டும் ஒன்று: பிரிங், புரோட், புரோட் (கொண்டுவா). டீச், டோட், டோட் (படிப்பி). செல், சோல்ட், சோல்ட் (விற்றுவிடு). பே, பெய்ட், பெய்ட் (பணம் கட்டு).
முதலும் கடைசியும் ஒன்று: கம், கேம், கம் (வா).
மூன்றும் வேறு: கோ, வென்ட், கோன் (போ). கிவ், கேவ், கிவன் (கொடு). டேக், டுக், டேக்கன் (எடு). ரைட், ரோட், ரிட்டன் (எழுது). சீ, சோ, சீன் (பார்).

இரண்டாவது வடிவம் தனியே நிற்கும்: “ஐ ரோட்”. மூன்றாவது வடிவத்துக்குத் துணை வேண்டும்: “ஐ ஹேவ் ரிட்டன்”. “ஐ ரிட்டன்” என்று எழுதக் கூடாது.

7. செய்வினையும் செயப்பாட்டு வினையும்

“மெனேஜர் கடிதத்தில் கையெழுத்திட்டார்” என்பது செய்வினை. “கடிதம் கையெழுத்திடப்பட்டது” என்பது செயப்பாட்டு வினை. தமிழில் “படு” செய்கிற வேலையை இங்கிலீசில் “பீ” குடும்பமும் வினையின் மூன்றாவது வடிவமும் சேர்ந்து செய்கின்றன.

அலுவலகக் கடிதங்கள் பெரும்பாலும் செயப்பாட்டில்தான் வரும். ஒரு விண்ணப்பத்துக்கு வரக்கூடிய ஐந்து பதில்களைப் பாருங்கள்.

“யுவர் அப்ளிகேஷன் ஹேஸ் பீன் அப்ரூவ்ட்.” விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்டுவிட்டது. காரியம் முடிந்தது.
“யுவர் அப்ளிகேஷன் இஸ் பீயிங் கன்சிடர்ட்.” இப்போது பரிசீலிக்கப்படுகிறது. முடிவு வரவில்லை.
“யுவர் அப்ளிகேஷன் வில் பி கன்சிடர்ட்.” இனிமேல்தான் பரிசீலிப்பார்கள். தருவோம் என்று சொல்லவில்லை.
“யுவர் அப்ளிகேஷன் மே பி அப்ரூவ்ட்.” அங்கீகரிக்கப்படலாம். நம்பிக் கடன்பட வேண்டாம்.
“யுவர் அப்ளிகேஷன் கேனொட் பி அப்ரூவ்ட்.” அங்கீகரிக்க முடியாது.

ஐந்திலும் பெயர்ச்சொல் ஒன்றுதான். வேறுபாடு முழுவதும் வினையில் இருக்கிறது. “பீன்” வந்தால் ஆகிவிட்டது, “பீயிங்” வந்தால் ஆகிக்கொண்டிருக்கிறது, “வில் பி” வந்தால் இனிமேல் ஆகும் என்று பிள்ளைகள் கொப்பியில் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

செயப்பாட்டு வினைக்கு ஒரு குணம் உண்டு. செய்தவரை அது மறைத்துவிடும். “இட் வொஸ் டிசைடட்” என்றால் தீர்மானிக்கப்பட்டது. யார் தீர்மானித்தார்? வசனத்தில் பதில் இல்லை. அப்படிப்பட்ட கடிதம் கிடைத்தால், “தீர்மானித்தது யார், எந்தத் தேதியில்?” என்று மரியாதையாகக் கேட்டு எழுதலாம். அதில் தவறேதும் இல்லை.

8. ஏவல் வினைகள்

தமிழில் வா, போ, எடு என்று வினையின் வேரையே சொன்னால் அது கட்டளை. இங்கிலீசிலும் அப்படியே. வசனத்தின் முதல் சொல்லாக வினை நின்றால் அது நமக்கு இடப்படும் கட்டளை அல்லது அறிவுரை. செய்யாதே என்பதற்கு முன்னால் “டோன்ட்” அல்லது “டு நொட்” வரும்.

மருந்துப் போத்தல், களைக்கொல்லி டின் ஆகியவற்றில் எழுதியிருப்பவை பெரும்பாலும் ஏவல் வினைகள். சிலவற்றைத் தெரிந்துகொள்வோம்.

ஷேக்: குலுக்கு. பாணி மருந்தைக் குடிக்கும் முன் குலுக்க வேண்டும்.
டேக்: மருந்து என்றால் உட்கொள். “டேக் ஒன் டேப்லட் டுவைஸ் எ டே” என்றால் ஒரு குளிசை, நாளுக்கு இரண்டு தடவை.
ஸ்வாலோ: விழுங்கு. சூ: மென்று தின். “டு நொட் ஸ்வாலோ” என்றால் விழுங்காதே.
அப்ளை: மருந்தில் வந்தால் தோலில் பூசு. வேலை விசயத்தில் வந்தால் விண்ணப்பம் செய். இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.
வெயார்: அணி. கையுறை, முகமூடி ஆகியவற்றுக்கு முன்னால் இது வரும்.
கீப்: வை. “கீப் அவுட் ஒஃப் ரீச் ஒஃப் சில்ட்ரன்” என்றால் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வை.
ஸ்டோர்: நமக்கு ஸ்டோர் என்றால் தேயிலை ஃபெக்டரி. ஆனால் போத்தலில் முதல் சொல்லாக வந்தால் அது வினை. பத்திரப்படுத்தி வை என்று பொருள்.

ஏவல் வினைக்கும் தோட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புதிதாக வரும் வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் படிக்கக் கொழும்பில் ஒரு கைநூலை ஃபெர்குசன் குடும்பத்தார் வெளியிட்டார்கள். அந்த நூலின் பெயரே “இங்கே வா” என்பதுதான். தலைப்பிலேயே ஒரு கட்டளை. துரைக்குத் தேவைப்பட்ட தமிழ் அது. நம்ம புள்ளைங்களுக்குத் தேவையான இங்கிலீசு அதைவிட அகலமானது. கட்டளையை விளங்கிக்கொண்டால் மட்டும் போதாது. “மே ஐ ஆஸ்க்?” என்று அனுமதி கேட்கவும், “ஐ டோன்ட் அக்ரீ” என்று மறுக்கவும், “ஐ கேன் டு திஸ்” என்று தன் திறமையைச் சொல்லவும் தெரிய வேண்டும். எல்லா வகை வினைகளையும் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

9. கூட்டு வினைகள்

ஒரு வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து புதுப் பொருள் தரும் இடங்கள் உண்டு. “லுக்” என்றால் பார். “லுக் ஆஃப்டர்” என்றால் பராமரி. “லுக் ஃபோர்” என்றால் தேடு. தமிழிலும் “பார்த்துக்கொள்” என்றால் பராமரிப்பதுதானே. “ஃபில் இன்” என்றால் போமை நிரப்பு. “டேர்ன் ஓஃப்” என்றால் லைட்டை, பைப்பை நிறுத்து. “கிவ் அப்” என்றால் கைவிடு. இவற்றைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் பார்த்தால் விளங்காது. இரண்டையும் ஒரே சொல்லாக நினைத்துப் பாடமாக்க வேண்டும்.

வீட்டில் எப்படிப் பழகலாம்?

பெற்றோருக்கு இங்கிலீசு தெரியாவிட்டாலும் பிள்ளைக்கு உதவ முடியும். பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் ஐந்து வினைகளை மூன்று வடிவத்தோடும் பிள்ளையைப் பெரிதாக எழுதச் சொல்லி, காம்பராச் சுவரில் ஒட்டுங்கள். பொழுதுபட்டதும், “இன்னைக்கு என்னா செஞ்ச?” என்று கேளுங்கள். பிள்ளை மூன்று வசனம் இங்கிலீசில் சொல்லட்டும்: ஐ வென்ட், ஐ ஏட், ஐ ரோட் என்று. பிறகு “அக்கா என்னா செஞ்சா?” என்று கேளுங்கள். கிழமைக்கு ஒரு தாள் மாற்றினால் ஒரு வருசத்தில் 250க்கு மேற்பட்ட வினைகள் ஆகிவிடும்.

வீட்டுக்கு வரும் மருந்துப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, போம் எதையும் வீசுவதற்கு முன், “இதுல வினை எது?” என்று பிள்ளையிடம் கேளுங்கள். செலவில்லாத பாடப் புத்தகம் அது.

பயிற்சி

கீழே உள்ள வசனங்களில் வினையைக் கண்டுபிடித்து, வகையையும் பொருளையும் சொல்லுங்கள்.

அ. மை ஃபாதர் இஸ் எ டிரைவர்.
ஆ. ஷி கேரீஸ் த பாஸ்கட்.
இ. யூ மஸ்ட் நொட் ஸ்மோக் ஹியர்.
ஈ. த லெட்டர் ஹேஸ் பீன் சென்ட்.
உ. ஃபில் இன் திஸ் ஃபோர்ம்.
ஊ. த ஸ்கூல் மே ஓப்பன் டுமொரோ.

விடைகள்

அ. இஸ்: இணைப்பு வினை. அப்பா டிரைவர்.
ஆ. கேரீஸ்: செயல் வினை, “எதை?” என்று கேட்கலாம். அவள் கூடையைச் சுமக்கிறாள்.
இ. மஸ்ட் நொட் ஸ்மோக்: தடை. இங்கே புகைக்கக் கூடாது.
ஈ. ஹேஸ் பீன் சென்ட்: செயப்பாட்டு வினை. கடிதம் அனுப்பப்பட்டுவிட்டது.
உ. ஃபில் இன்: ஏவலாக வந்த கூட்டு வினை. இந்தப் போமை நிரப்பு.
ஊ. மே ஓப்பன்: ஒருவேளை. நாளை பாடசாலை திறக்கலாம், நிச்சயமில்லை.

ஆறும் சரியாகச் சொன்ன பிள்ளைக்கு அடுத்த முறை வீட்டுக்கு இங்கிலீசுக் கடிதம் வந்தால் முதலில் வாசிக்கக் கொடுங்கள். வினையின் கீழே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஆகிவிட்டதா, ஆகுமா, ஆகலாமா, ஆகாதா என்று அவர்கள் சொல்லட்டும். அதன் பிறகு கையெழுத்துப் போடலாம்.